269க்கும் 270க்கும் நடுவில்

எங்கள் தெருவில் முதல் அட்டை முளைத்தது 2024 ஆகஸ்டு கடைசியில் என்று நினைவு. வீட்டு முன்புல்லில் குத்திவைக்கும் வெள்ளை அட்டை, நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு நீல வட்டம், அவ்வளவுதான். பெயர் இல்லை, கட்சி இல்லை, சின்னம் இல்லை. ஏதோ கண் டாக்டர் விளம்பரம் போலிருக்கிறது என்று கடந்துபோய்விட்டேன். ரெண்டு வாரத்தில் அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு, பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போகிற வழி என்று எங்கே பார்த்தாலும் நீலப் புள்ளி. அப்புறம் எதிர்த்தரப்பு நெப்ராஸ்கா மாநில வரைபடத்தை முழுச் சிவப்பாக அடித்துக் கொண்டுவந்து நட்டது.

நான் இருப்பது ஒமாஹாவில். அமெரிக்க வரைபடத்தை நடுவில் மடித்தால் மடிப்பு விழுகிற இடம். ஊரில் யாரிடமாவது சொன்னால் பங்குச்சந்தை பார்க்கிற ஆள் மட்டும் "பஃபெட் ஊரா?" என்பார், மற்றவர்களுக்கு அமெரிக்கா என்றால் நியூஜெர்சி. இந்த ஊர்க்காரர்கள் போடுகிற ஓட்டில்தான் அடுத்த ஜனாதிபதி யார் என்பது முடிவாகலாம் என்று அந்த செப்டம்பரில் தொலைக்காட்சி முழுக்க ஒரே பேச்சு. குடியுரிமை வாங்கி நான் ஓட்டுப் போடப்போகிற முதல் ஜனாதிபதி தேர்தல் அது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

அப்பா மன்னார்குடியில் இருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அதாவது தேர்தல் ட்யூட்டி பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். வாக்குச்சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கை எழுதுகிற 17சி படிவத்தைப் பற்றி அவரால் ஒரு மணி நேரம் பேச முடியும். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் மன்னார்குடிக்குப் பக்கத்தில்தான், அங்கே கோவிலில் பேனர் கட்டி அர்ச்சனை நடந்துகொண்டிருந்த நேரம். அப்பா அதையெல்லாம் பொருட்படுத்துகிற ஆள் இல்லை. அவருக்கு எப்போதும் நடைமுறைதான் வேண்டும். "பேனரு கெடக்கட்டும்மா, மொத்தம் எத்தனை சீட்டு, எத்தனை வந்தா மெஜாரிட்டி, அதச் சொல்லு" என்றார்.

அப்பாவுக்கு விளக்கப்போய்த்தான் எனக்கே பல விஷயம் புரிந்தது.

மொத்தம் 538. பிரதிநிதிகள் சபை 435, செனட் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3. பாதிக்கு மேல் என்றால் 270. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் எம்.பி. எண்ணிக்கையும் இரண்டு செனட்டர்களும் சேர்ந்த அளவுக்கு எலெக்டர்கள், அதாவது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள். நாம் ஓட்டுப் போடுவது ஜனாதிபதிக்கு இல்லை, அந்த எலெக்டர்களுக்கு. 48 மாநிலங்களில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாநிலத்து எலெக்டர்கள் மொத்தமும் ஜெயித்தவருக்கே. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் வேறு மாதிரி. எங்களுக்கு ஐந்து. அதில் இரண்டு மாநிலம் முழுக்க ஜெயித்தவருக்கு, மிச்சம் மூன்றும் மூன்று எம்.பி. தொகுதிகளில் யார் யார் ஜெயித்தார்களோ அவரவருக்கு. நெப்ராஸ்கா குடியரசுக் கட்சியின் கோட்டை, ஆனால் ஒமாஹா இருக்கிற இரண்டாவது தொகுதி அப்படியில்லை. 2008இல் ஒபாமாவுக்கும் 2020இல் பைடனுக்கும் அந்த ஒற்றை ஓட்டைக் கொடுத்தது. இங்கே குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம். சிவப்பு மாநிலத்தில் ஒரு நீலப் புள்ளி. அட்டையின் அர்த்தம் அதுதான்.

கணக்கு இப்படிப் போனது. ஹாரிஸ் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் ஜெயித்து, மற்ற இழுபறி மாநிலங்கள் எல்லாவற்றையும் தோற்றால் அவருக்கு 269. ஒமாஹாவைச் சேர்த்தால் சரியாக 270.

"சரி, 269க்கு 269 வந்தா?" என்றார் அப்பா. நல்ல கேள்வி. வந்தால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே எம்.பி.க்கள் தலைக்கு ஒரு ஓட்டுப் போட மாட்டார்கள், மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. 2020 கணக்கெடுப்பில் மூன்று கோடியே 95 லட்சம் பேர் இருந்த கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, ஆறு லட்சத்தைக்கூடத் தொடாத வயோமிங்குக்கும் ஒன்று. 26 மாநிலங்கள் வேண்டும்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இருநூத்தி அறுபத்தொம்போது, இருநூத்தி எழுபது... இது எங்கயோ கேட்ட நம்பரா இருக்கே" என்றார்.

கேட்ட நம்பர்தான். 1999 ஏப்ரல் 17. அதிமுக ஆதரவை வாபஸ் வாங்கிய பிறகு வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கு கோரிய நாள். ஆதரவு 269, எதிர்ப்பு 270. எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்து டிவி பார்த்தது. ஒடிசா முதலமைச்சராகிவிட்ட பிறகும் எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்த கிரிதர் கமாங் வந்து ஓட்டுப் போட்டது சரியா தவறா என்று அப்பாவும் எதிர்வீட்டு மாமாவும் அன்று ராத்திரி வரை சண்டை. 13 மாத ஆட்சி ஒரு ஓட்டில் போனது.

அதே இரண்டு எண்கள், இரண்டு நாடுகள். அதனால்தான் அந்த ஒப்பீடு என் மண்டையை விட்டுப் போகவில்லை. அங்கே அந்த ஒரு ஓட்டைப் போட்டவருக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, அவரைத் திட்டலாம். இங்கே அந்த ஒரு ஓட்டு, எண்ணுகிற விதியில் இருக்கிறது. விதி தானாக வானத்திலிருந்து விழுவதில்லை, யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். யார் எழுதுகிறார்கள் என்று தேடினால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அரசியல் சட்டம் இந்த இடத்தில் ரொம்பச் சுருக்கம். ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றம் சொல்கிற முறையில் எலெக்டர்களை நியமித்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான். 1787 கோடையில் பிலடெல்பியாவில் கூடியவர்கள் இதற்கு மேல் ஒத்துப்போக முடியாமல் விட்டுவிட்டார்கள். காங்கிரஸே, அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றமே, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒரு யோசனை. அப்படிச் செய்தால் அவர் காங்கிரஸின் கைப்பிள்ளை ஆகிவிடுவார் என்று பயம். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார் ஜேம்ஸ் வில்சன். அது தென்மாநிலங்களுக்கு ஒத்துவராது, அங்கே ஜனத்தொகையில் பெரும்பகுதி அடிமைகள், அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் சபை இடங்களைக் கணக்குப் போடும்போது மட்டும் ஐந்து அடிமைக்கு மூன்று ஆள் என்று எண்ணிக்கொள்வார்கள். எலெக்டர் எண்ணிக்கையையும் அதே கணக்கோடு கட்டிவிட்டதால் ஓட்டில்லாதவர்களின் தலையை எண்ணி, அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்களுக்கு ஓட்டுக் கிடைத்தது. இதைப் படித்த அன்று எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. குடியுரிமை நேர்காணலுக்கு மனப்பாடம் செய்த நூறு கேள்விகளில் இது இல்லை.

விதி எழுதுகிற கை அடுத்த தேர்தலுக்குள் வேலையை ஆரம்பித்துவிடும் என்பதற்கு ஒமாஹா வரை வரவே வேண்டாம். 1796 தேர்தலில் ஜான் ஆடம்ஸுக்கு 71, தாமஸ் ஜெஃபர்சனுக்கு 68. அப்போது வர்ஜீனியாவில் தொகுதி வாரியாக எலெக்டர் தேர்வு. ஜெஃபர்சனின் சொந்த மாநிலத்திலேயே 21இல் ஒருவர் ஆடம்ஸுக்குப் போட்டுவிட்டார். வட கரோலினாவிலும் இதே போல ஒருவர். இந்த ரெண்டு பேர் மட்டும் இந்தப் பக்கம் இருந்திருந்தால் 70க்கு 69 என்று ஜெஃபர்சன் ஜெயித்திருப்பார். அவருடைய ஆட்கள் என்ன செய்திருப்பார்கள்? 1800 தேர்தலுக்கு முன்னால் வர்ஜீனியாவில் தொகுதி முறையைத் தூக்கிவிட்டு, ஜெயித்தவருக்கே எல்லாம் என்று மாற்றினார்கள். ஆடம்ஸின் மாநிலமான மாசசூசெட்ஸ் சும்மா இருக்குமா, மக்கள் ஓட்டே வேண்டாம், சட்டமன்றமே எலெக்டர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்று சட்டம் போட்டது. ரெண்டு பேரும் பிற்காலத்தில் தேசத் தந்தைகள். 1836 வாக்கில் தென் கரோலினா தவிர எல்லா மாநிலமும் மொத்தமாகக் கொடுக்கிற முறைக்கு வந்துவிட்டது. கொள்கை என்று ஒன்றும் இல்லை. அடுத்த மாநிலம் மொத்தமாகக் கொடுக்கும்போது நாம் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தால் நமக்குத்தான் நஷ்டம், அதுதான் காரணம்.

மிச்சிகன் கதை இன்னும் வேடிக்கை. அங்கே சட்டமன்றம் கைக்கு வந்ததும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 1892 தேர்தலுக்குத் தொகுதி முறையைக் கொண்டுவந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு. எலெக்டர்கள் 9க்கு 5 என்று பிரிந்தார்கள். ஒரே ஒரு தேர்தல். அடுத்த முறை எதிர்க்கட்சி வந்து பழையபடி மாற்றிவிட்டது.

சரி, ஒமாஹாவுக்கு வருகிறேன்.

நெப்ராஸ்கா தொகுதி முறைக்கு வந்தது 1991 சட்டத்தால். அப்போது யாருக்கும் அது பெரிய விஷயமாகப்படவில்லை. வேட்பாளர்கள் எட்டிப் பார்க்காத மாநிலத்துக்கு ஒருவராவது வரட்டுமே என்ற நப்பாசைதான். 2024இல் கணக்கு 270இல் வந்து நின்றதும் இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று குடியரசுக் கட்சியிலிருந்து நெருக்கடி. கவர்னர் (இங்கே நம் முதலமைச்சர் மாதிரி) ஜிம் பில்லன் தயார், தேவையானால் சிறப்புக் கூட்டம் கூட்டுவேன் என்றார். செப்டம்பர் 18 அன்று தென் கரோலினா செனட்டர் லிண்ட்சே கிரகாம் விமானம் ஏறி வந்து எங்கள் மாநில சட்டமன்றக்காரர்களைப் பார்த்துப் பேசினார். எந்த ஊர் செனட்டர் எந்த ஊர் சட்டத்துக்கு வருகிறார் பாருங்கள்.

ஏன் செப்டம்பர்? ஏப்ரலிலேயே இந்தப் பேச்சு எழுந்தபோது, நீங்கள் மாற்றினால் நாங்களும் மாற்றுவோம் என்று மெய்ன் மாநிலத்து ஜனநாயகக் கட்சித் தலைவர் எச்சரித்திருந்தார். மெய்னில் குடியரசுக் கட்சிக்குப் போகிற தொகுதி ஒன்று உண்டு, ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். ஆனால் மெய்னில் ஒரு சட்டம் அமலுக்கு வர, கூட்டம் முடிந்து 90 நாள் ஆக வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் மட்டும் உடனே வரும். செப்டம்பரில் ஆரம்பித்தால் மெய்னால் திருப்பி அடிக்க முடியாது. 90 நாள் என்ற ஒரு நடைமுறை விதியை வைத்து ஜனாதிபதி பதவிக்குக் காய் நகர்த்துகிறார்கள். இதைக் கேட்டதும் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. படிவத்தையும் தேதியையும் மதிக்காதவர்களுக்கு அரசியல் தெரியாது என்பது அவருடைய நெடுநாள் கட்சி.

இங்கே எங்கள் சட்டமன்றத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 50 மாநிலங்களில் ஒற்றை அவை கொண்டது இது ஒன்றுதான். மற்ற 49இலும் மேலவை, கீழவை என்று ரெண்டு. ஜார்ஜ் நாரிஸ் என்ற செனட்டர், சொந்தக் கட்சியே எதிர்த்தாலும் கேட்காத ஆள், 1934இல் தன் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிரச்சாரம் செய்தார். ரெண்டு செட் டயர் தேய்ந்துபோனது என்று இன்றும் சொல்வார்கள். ரெண்டு அவை என்றால் ஒன்றின்மேல் ஒன்று பழி போட்டுத் தப்பிக்கலாம், சட்டங்கள் மூடிய அறையில் கூட்டுக்குழுவில் உருமாறும், ஒன்றே போதும் என்பது அவர் வாதம். மக்கள் ஒப்புக்கொண்டார்கள். 1937இல் புது அவை கூடியது. அதோடு இன்னொன்றையும் செய்தார்: வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்கக்கூடாது. இன்று 49 பேர், ஆண்டுக்கு 12,000 டாலர் சம்பளம், அவையில் கட்சிக் கொறடா கிடையாது. உள்ளூர யார் எந்தக் கட்சி என்பது எல்லாருக்கும் தெரியும், அது வேறு விஷயம்.

ஒருவர் விடாமல் பேசி மசோதாவை இழுத்தடித்தால் அதை நிறுத்த 33 பேர் வேண்டும். 2024இல் குடியரசுக் கட்சிக்காரர்கள் சரியாக 33. அந்த 33ஆவது ஆள் மைக் மெக்டானல். ஒமாஹா தீயணைப்பு வீரர் சங்கத்தின் முன்னாள் தலைவர், அந்த ஏப்ரலில்தான் ஜனநாயகக் கட்சியிலிருந்து தாவி வந்தவர். தாவி வந்தவர் நன்றிக்கடன் தீர்ப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான். செப்டம்பர் 23 அன்று அவர், தேர்தலுக்கு 43 நாள் இருக்கும்போது விதியை மாற்றுவது சரியில்லை, அடுத்த ஆண்டு சட்டமன்றம் இதை எடுத்து மக்கள் முன் வைக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சிறப்புக் கூட்டம் கூடவில்லை. நமக்கும் ஒரு கமாங் கிடைத்தார், ஓட்டே போடாமல்.

அவர் மனச்சாட்சியால் அப்படிச் செய்தாரா, ஒமாஹா மேயர் பதவிக்கு நிற்கும் எண்ணத்தாலா என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நின்றார், முதல் சுற்றிலேயே தோற்றார். இரண்டுமே காரணமாக இருக்கலாம். அரசியல்வாதிக்கு நல்ல எண்ணமும் சொந்த லாபமும் ஒரே பக்கம் வந்து நிற்பது அபூர்வம், நிற்கும்போது நாம் ரொம்பக் கிளற வேண்டியதில்லை.

நவம்பர் 5. எனக்கு வந்த வாக்குச்சீட்டைப் படித்து முடிக்கவே நேரம் பிடித்தது. ஜனாதிபதி, ரெண்டு செனட் இடங்கள் (ஒன்று இடைத்தேர்தல்), எம்.பி., மாநில சட்டமன்றம், இன்னின்ன நீதிபதிகள் பதவியில் தொடரலாமா கூடாதா, அதன் பிறகு ஆறு சட்ட முன்மொழிவுகள். அந்த ஆறில் ரெண்டு கருக்கலைப்பைப் பற்றி, ஒன்றுக்கொன்று நேர் எதிர். ரெண்டுமே ஜெயித்தால் அதிக ஓட்டு வாங்கியது நிற்கும் என்று விதி. மின்வாரியத்துக்கும் இங்கே தேர்தல் உண்டு என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. நெப்ராஸ்காவில் மின்சாரம் முழுக்கப் பொதுத்துறை, இயக்குநர்களை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். "கரெண்டு போச்சுன்னா யாரத் திட்டணும்னு தெரியும்ல, நல்ல ஏற்பாடு" என்றார்.

"மை வச்சாங்களா?"

"மை கிடையாதுப்பா. ஸ்டிக்கர் குடுத்தாங்க."

"ஸ்டிக்கரா? உரிச்சுட்டு மறுபடி போயிரலாமே!"

அடுத்த கேள்விதான் என்னை மாட்டிவிட்டது. "தேர்தல் கமிஷன் எங்க இருக்கு, வாஷிங்டன்லயா?" அப்படி ஒன்று இல்லை. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் ஓர் அலுவலகம் இருக்கிறது, அது பிரச்சாரப் பணத்தை மட்டும் பார்க்கும். தேர்தலை நடத்துவது கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. எங்கள் டக்ளஸ் கவுண்டியின் தேர்தல் அதிகாரியை நியமிப்பது மாநில கவர்னர், அவர் ஒரு கட்சிக்காரர். பெரும்பாலான மாநிலங்களில் மேலே இருந்து மேற்பார்வை பார்க்கிற மாநிலச் செயலரே கட்சிச் சின்னத்தில் நின்று ஜெயித்தவர்.

"கட்சிக்காரனே எலக்ஷன் நடத்துவானா?"

"ஆமாப்பா."

"வெளங்கிரும்."

விளங்கத்தான் செய்தது, 2000இல். ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் ஜார்ஜ் புஷ்தான் நாட்டின் ஜனாதிபதி என்று முடிவானது. அந்த முடிவை உறுதிசெய்த மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், அதே மாநிலத்தில் புஷ்ஷின் பிரச்சாரக் குழுவுக்கு இணைத் தலைவராகவும் இருந்தவர். கவர்னர் புஷ்ஷின் தம்பி. மறு எண்ணிக்கைக்கு டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. நாடு முழுக்க எண்ணினால் எதிர்த்து நின்ற அல் கோருக்கு ஐந்து லட்சம் ஓட்டுக்கு மேல் அதிகம். ஊரில் இப்படி நடந்திருந்தால் பஸ் ஓடியிருக்காது. இங்கே கோர் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசிவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த ஒன்றை நான் இன்றும் மதிக்கிறேன். தோல்வியை ஏற்காத கும்பல் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த 2021 ஜனவரிக்குப் பிறகு இன்னும் அதிகமாக.

2024 முடிவு உங்களுக்குத் தெரியும். ஒமாஹா ஹாரிஸுக்குத் தன் ஒரு ஓட்டைக் கொடுத்தது, அவர் மொத்தம் 226இல் நின்றார், டிரம்ப் 312. இழுபறி மாநிலங்கள் ஏழும் அவருக்கே. எங்கள் நீலப் புள்ளி ஒன்றுக்கும் ஆகவில்லை. அதே தொகுதி அதே நாளில் எம்.பி.யாகக் குடியரசுக் கட்சியின் டான் பேக்கனைத் திரும்ப அனுப்பியது. ஒரே சீட்டில் மேலே ஒரு கட்சி, கீழே ஒரு கட்சி என்று குத்தியவர்கள் என் தெருவிலேயே இருந்திருப்பார்கள். அப்பாவுக்கு இதுதான் கடைசி வரை பிடிபடவில்லை. "ஆட்சிக்கு இவரு, எதிர்க்க அவரா? அப்ப வேல எப்படி நடக்கும்?"

நடக்காது. அதற்குத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் பிரதமர் என்பவர் சபையின் பெரும்பான்மை. அது போனால் அவரும் போவார். இங்கே ஜனாதிபதி தனியாக, நான்கு வருடம் அசைக்க முடியாமல். எம்.பி.க்களுக்கு ரெண்டு வருடம், செனட்டர்களுக்கு ஆறு, அதுவும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஒவ்வொரு முறை. நீதிபதிகளுக்கு ஆயுள் வரை. எல்லாரும் வேறு வேறு காலக்கெடுவில், வேறு வேறு கூட்டத்தால் தேர்வாகிறவர்கள், அதனால் ஒரே அலையில் எல்லாரையும் வாரிக்கொண்டு போக முடியாது. ஜனாதிபதியை அகற்ற செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார், இன்று வரை ஒருவர்கூட அப்படி அகற்றப்பட்டதில்லை. நம் ஊரில் ஒரு ஓட்டில் கவிழ்ந்தது, இங்கே ஒரு ஓட்டில் கவிழாமல் நின்றது.

கவிழாது என்றால் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், 2025 அக்டோபர் வரை. பணம் ஒதுக்கும் மசோதா செனட்டில் நிறைவேற 60 ஓட்டு வேண்டும். குடியரசுக் கட்சிக்கு 53. மருத்துவக் காப்பீட்டு மானியம் டிசம்பரோடு முடிகிறது, அதை நீட்டித்தால்தான் ஓட்டு என்று ஜனநாயகக் கட்சி. அக்டோபர் 1 அன்று அரசாங்கம் மூடியது. 43 நாள். அதுவரை இந்த நாட்டு வரலாற்றிலேயே நீண்டது. மெக்டானல் சொன்ன அதே 43. எனக்கு எண்களோடு என்ன பிராப்தமோ. என் சிநேகிதி ஒருத்தியின் கணவர் மத்திய அரசு ஊழியர். சம்பளம் இல்லாமல் தினமும் வேலைக்குப் போய்வந்தார், அவருடைய வேலை 'அத்தியாவசியம்' என்பதால். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்கு முறுக்கோடு மளிகைச் சாமானையும் சேர்த்து எடுத்துப்போனோம், பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது, உதவி மாதிரி தெரியக்கூடாது இல்லையா. நவம்பரில் விமானக் கட்டுப்பாட்டு அறையில் ஆள் பற்றாக்குறை, பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்தார்கள், நான் சிகாகோ போக வைத்திருந்த டிக்கெட் ரத்தானது. கடைசியில் எதிர்த்தரப்பிலிருந்து எட்டு பேர் குடியரசுக் கட்சிப் பக்கம் வந்து, அந்தக் கட்சியிலேயே ஒருவர் எதிர்த்துப் போட, 60க்கு 40 என்று முடிந்தது. மானியமும் நீளவில்லை.

இத்தனைக்கும் அந்த 60 என்பது அரசியல் சட்டத்தில் இல்லவே இல்லை. செனட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி, 1975 வரை அதுவே மூன்றில் இரண்டு பங்கு. அலுவலகத்தை மூடுவதும் சட்டத்தில் நேராக எழுதப்பட்டது இல்லை. 1884 சட்டம் ஒன்றுக்கு 1980இல் அப்போதைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி கொடுத்த விளக்கத்தில் வந்தது. அதற்கு முன்பும் பணம் ஒதுக்கத் தாமதமானது உண்டு, அலுவலகங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"நம்ம ஊர்ல பட்ஜெட் தோத்தா ஆட்சி போயிரும்" என்றார் அப்பா.

"இங்க ஆட்சி போகாதுப்பா. ஆபீஸ்தான் மூடும்."

"அப்ப தோத்தது யாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆளுக்கொரு தடுப்புக்கட்டை கையில் இருக்கிறது, பழியை மட்டும் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. தடுப்புகள் இருப்பது நல்லதுதான் என்று பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். 1952இல் ட்ரூமன் இரும்பு ஆலைகளைக் கையகப்படுத்தியபோது உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அதை ரத்துசெய்தது, அவரும் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தார். அப்படிப்பட்ட நாட்களில் இந்தக் கட்டுமானம் அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் தடுப்பவர் யார் என்பதையும் தேர்தல் விதிதானே தீர்மானிக்கிறது. வயோமிங்குக்கும் கலிஃபோர்னியாவுக்கும் ஆளுக்கு ரெண்டு செனட்டர். அந்த செனட்தான் நீதிபதிகளை ஏற்கும், மறுக்கும். 2016இல் ஒபாமா உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு, தேர்தல் வருடம் என்று சொல்லி, ஓட்டெடுப்பே நடத்தாமல் செனட்டின் குடியரசுக் கட்சிக்காரர்கள் மாதக்கணக்கில் இழுத்தார்கள். 2017இல் அந்த இடத்துக்கு நீல் கோர்சச் வர வேண்டும் என்பதற்காக 60 என்ற விதியை உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கு நீக்கினார்கள். 2020இல் தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஏமி கோனி பாரட்டை ஏற்றார்கள், தேர்தல் வருடம் என்ற பேச்சே வரவில்லை. நடுவில் 2019இல் ஒரு வழக்கு. கட்சி லாபத்துக்காகத் தொகுதி எல்லைகளை வளைப்பதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 5க்கு 4 தீர்ப்பு. கோர்சச் அந்த ஐந்தில் ஒருவர். விதியால் வந்த செனட், செனட்டால் வந்த நீதிபதி, நீதிபதியால் காப்பாற்றப்பட்ட விதி. செக்குமாடு சுற்றிவந்து நின்ற இடம் அது.

அந்தத் தீர்ப்புக்கு எங்கள் ஊரிலும் சாட்சி உண்டு. 2008இல் ஒபாமாவுக்கு ஓட்டுப் போனதும், 2011இல் எல்லையை மாற்றும்போது ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான பெல்வியூ பகுதியை எங்கள் தொகுதியிலிருந்து எடுத்து முதல் தொகுதியில் போட்டார்கள். 2021இல் டக்ளஸ் கவுண்டியையே இரண்டாக வெட்டப் பார்த்தார்கள். சட்டமன்றத்தில் விடாமல் பேசித் தடுத்ததால் கவுண்டி தப்பியது, ஆனால் சாண்டர்ஸ் என்ற கிராமத்துக் கவுண்டி உள்ளே வந்தது. நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். என்னைச் சுற்றியிருக்கிற கோடு மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2025இல் டெக்சாஸ் பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக்கூடக் காத்திருக்காமல் கோடுகளை மாற்றியது, பதிலுக்குக் கலிஃபோர்னியா மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி மாற்றியது. 1800இல் வர்ஜீனியாவும் மாசசூசெட்ஸும் ஆடிய அதே ஆட்டம்.

மெக்டானல் சொன்ன 'அடுத்த ஆண்டு' வந்தது. ஒமாஹாவின் தனி ஓட்டை ஒழிக்கும் மசோதாவை 2025இல் மறுபடி கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 8 அன்று விவாதத்தை முடிக்க ஓட்டெடுப்பு. 33 வேண்டும், 31 கிடைத்தது. அடுத்த வீட்டுக்காரர் தன் நீலப் புள்ளி அட்டையைத் தூக்கி எறியாமல் காரேஜில் பனிச் சறுக்குப் பலகைக்குப் பின்னால் சாத்திவைத்திருக்கிறார், கதவைத் திறக்கும்போதெல்லாம் கால்வாசி வட்டம் தெரியும்.

அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு ஓட்டுல தப்பிச்சிருச்சுப்பா."

"ரெண்டு தானே?" என்றார். "2028க்கு இன்னும் நாள் கெடக்கேம்மா."